தோலும் ஓலையும் தாளும்



நூல்களுக்கும் ஆயுள் உண்டு. அவ்வாயுள் அவை எழுதப்பெற்ற பொருளின் வலிமையைப் பொறுத்தது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஆயின் அது பாதி உண்மையே.

இடைக்கால ஐரோப்பாவில் கிறித்தவப் புனிதர்களின் வரலாறுகளையும் மறையுரைகளையும் தோலில் எழுதினர். கன்று, ஆடு முதலியவற்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுரண்டி உலர்த்துவர். துறவு மடங்களில் உணவு வேளையில் ஒருவர் அவ்வேட்டைப் படிக்க, ஏனையோர் வாய் திறவாது கேட்பர். தோல் வலியது, பல நூற்றாண்டு தாங்குவது.

நமக்கு வாய்த்ததோ பனையோலை. அதனைக் கரையானும் ஈரமும் விரைவில் அழித்துவிடும். ஆகவே, ஏடு சிதையுமுன் மற்றோர் ஏட்டில் படியெடுத்தனர் நம் முன்னோர்.

அப்புனிதர் வரலாறுகள் தமிழுக்கும் வந்தன. 1546-இல் இந்தியா வந்த போர்த்துக்கீசியத் துறவி அண்டிரிக் அடிகளார், முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்து தமிழ் கற்றார். 1578-இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. அது பதினாறே பக்கம் கொண்டது. 1586-இல் வந்த ‘அடியார் வரலாறு’ அறுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்டது. இரண்டும் தாளில் அச்சானவை. தாள் தோலைப்போல் வலியதன்று. எனினும், அடியார் வரலாற்றின் படியொன்று வத்திக்கான் நூலகத்தில் காக்கப்பெற்றது. 381 ஆண்டுகள் கழித்து, 1967-இல், இராசமாணிக்க அடிகளார் அந்நூலை மீண்டும் பதிப்பித்தார். நூலை வாழவைத்தது தாளின் வலிமையன்று. காத்தவர் கையும், மறுபடி பதிப்பித்தவர் உழைப்புமே.

இதனை நான் கற்ற விதம் வேறு. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சிற்றூரொன்றில் நான் இளம் ஆசிரியனாய் இருந்தபோது, முதியவர் ஒருவர் பரணிலிருந்து ஓர் ஏட்டுக்கட்டை இறக்கிக் காட்டினார். “படியெடுத்துத் தருவீர்களா, ஐயா?” என்று கேட்டார். “கோடை விடுமுறையில் வருகிறேன்” என்றேன். இரண்டு கோடை கழிந்தபின் சென்றேன். முதியவர் இல்லை. பரணில் கரையான் மண் மட்டும் இருந்தது. அவ்வேட்டில் இருந்தது மருத்துவமா, கதையா, வழிபாட்டுப் பாடலா என்பதுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது.

பழவேற்காட்டிலும் பொன்னேரியிலும் திருவள்ளூரிலும் உங்கள் இல்லத்துப் பரண்களைப் பாருங்கள். பழைய ஏடோ, கையெழுத்துச் சுவடியோ கிடைத்தால் அன்றே படமெடுங்கள்; படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். விடுமுறை வரட்டும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.