சீன மரமும் தமிழ்க் கல்லும்



பெரியதாழைக்கு வடக்கே, பொருநை கடலொடு கலக்கும் பக்கத்தில், பழையகாயல் உள்ளது. அங்கே மணல்வெளியில் நடந்த கால்டுவெல், உடைந்த சீனப் பீங்கான் ஓடுகள் எங்கும் சிதறிக் கிடந்ததைத் தம் திருநெல்வேலி வரலாற்றில் (1881) குறித்துள்ளார். பீங்கான் வந்த கடல்வழியே தமிழரின் கோயிற்கலை சீனத்துக்குச் சென்றது. அது சென்ற நாட்டின் கட்டடமரபை அறிந்தாலன்றி அச்செலவின் அருமை விளங்காது.

சீனர் கட்டடக்கலை மரத்தின் கலை. தமிழர் மரத்தையும் செங்கல்லையும் கடந்து கற்றளிக்கு வந்தனர்; சீனரோ மரத்தை விடவேயில்லை. தூணும் உத்தரமுமே அங்குப் பாரம் தாங்கும். சுவர் வெறும் மறைப்பு. தூணின் தலையில் அடுக்கடுக்காய் நீளும் மரக்கைகள் இறவாரத்தை ஏந்தும். நம் கோயில் தூணிலுள்ள போதிகையை மரத்திலே பன்மடங்காக்கி எண்ணினால் அவ்வுருவம் கண்ணுக்குக் கிட்டும். கி.பி. 857இல் எழுந்த ஃபோகுவாங் கோயிலில் அவை பெரியவை, உண்மையிலேயே பாரம் சுமப்பவை. மிங், சிங் மரபினர் காலத்தில் அவை சிறுத்து, எண்ணிக்கையில் பெருகி, பெரிதும் அணியாகிவிட்டன. ஃபோகுவாங்கின் தொன்மையை 1937இல் உறுதிசெய்தவர்கள் லியாங் சுசெங், அவர் துணைவியார் லின் ஹுய்யின் ஆகியோர். லின் ஹுய்யின் கட்டடக்கலை அறிஞர் மட்டுமல்லர், பெயர்பெற்ற கவிஞர். உத்தரத்தின் அடியில் மங்கிக் கிடந்த எழுத்துகளில் கொடையளித்த பெண்ணொருத்தியின் பெயரை முதலில் கண்டவர் அவரே. கவிஞர் கூடிய அவையில் இதைச் சொல்லாது செல்வது முறையன்று.

நாட்டின் பரப்பு பெரிதாதலின் வட்டார வழக்குகளும் பல. வடக்கில் குளிருக்கேற்ற தடித்த சுவரும் முற்றம் சூழ்ந்த மனைகளும். மஞ்சள்மண் மேட்டுநிலத்தில் மண்ணைக் குடைந்த குகைவீடுகள். தெற்கில் மெல்லிய சுவரும் மேல்நோக்கி வளைந்த இறவாரமும். தென்கிழக்கே ஃபூஜியான் கடற்கரையில் செங்கல்லோடு கருங்கல்லும் ஆட்சி செய்யும். கூரைமுகடு தகைவிலான் குருவியின் வால்போல் இருபுறமும் பிளந்து நிற்கும். மரத்தின் நாட்டில் கல்தச்சர் செழித்த கரை அது. தமிழ் வணிகர் சென்றிறங்கிய குவான்சௌ துறைமுகம் அங்கேதான் உள்ளது.

அந்நகரில் 1956இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சகம் 1203, அதாவது கி.பி. 1281, சித்திரைத் திங்களில், சம்பந்தப்பெருமாள் என்பார் செகசைகானின் நலத்துக்காகச் சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தியை அது கூறும். செகசைகான் என்பது குப்ளாய்கானே என்பர் ஆய்வாளர். கல்வெட்டின் கீழ்ப்பகுதியில் சீன எழுத்துகளும் உண்டு.

அக்கோயில் பின்னர் அழிந்தது. கற்கள் அழியவில்லை. குவான்சௌவின் கையுவான் பௌத்தக் கோயிலில், பெருமண்டபத்தின் பின்புறம் பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு இன்றும் கூரை தாங்குகின்றன. அவற்றில் இரணியனைக் கிழிக்கும் நரசிங்கர், ஆனைக்கு அருளிய திருமால், ஆய்ச்சியர் துகில் கவர்ந்த கண்ணன். கதை நம்முடையது, உளியில் சீனக் கைவண்ணம் தெரிகிறது. அம்மண்டபத்தின் உள்ளே மரக்கைகளே சிறகு முளைத்த மகளிராய், இசைக்கருவி ஏந்தி, உத்தரத்தைத் தாங்குகின்றன. தமிழ்க் கல்லும் சீன மரமும் ஒரே கூரையைச் சுமக்கும் காட்சி உலகில் வேறெங்கு உண்டு? நகரின் அருங்காட்சியகத்தில் ஆனை சிவலிங்கத்தை வழிபடும் சிற்பமும் உள்ளது. திருவானைக்காவை அறிந்தவர்க்கு விளக்கம் வேண்டா.

இக்கரையில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். நாகப்பட்டினத்தருகே செங்கல்லால் ஆன மூன்று நிலைக் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டிலும் நின்றது. மக்கள் அதைப் புதுவெளிக்கோபுரம் என்றனர், ஐரோப்பியர் சீனப் பகோடா என்றனர். 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான், 1267ஆம் ஆண்டைக் குறிக்கும் சீன எழுத்துகளோடு இப்பகுதியில் கண்டெழுதிய கோபுரம் இதுவே என்பாரும் உளர். சோழர் காலச் சூடாமணி விகாரத்தோடு இணைப்பாரும் உளர். முன்னது உண்மையாயின், குவான்சௌவில் சிவன் எழுந்தருளுவதற்குப் பதினான்கு ஆண்டு முன்பே இக்கரையில் சீனர் கையெழுத்து இருந்திருக்கிறது. அயலார் நம் தூண்களைத் தம் கோயிலுக்குள் வைத்துக் காத்தனர். இங்கோ, இயேசு சபையினர் வேண்ட, சென்னை அரசு இசைவளிக்க, 1867இல் அக்கோபுரம் இடிக்கப்பட்டது.  1846இல் அது நின்ற நிலையைக் காட்டும் படம் ஒன்றை வால்டர் எலியட் 1878இல் வெளியிட்டார். அதன் உருவத்தை அறிய இன்று அப்படம் உதவுகிறது.