தலையெழுத்தும் கையெழுத்தும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



எழுத்தில் பிரியம் வைத்தால் மனிதனுடைய குணமும் நோக்கமும் எப்படி மாறும் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நம் ஜனங்களுக்கு எழுத்து என்றவுடன் தலையெழுத்துத்தான் ஞாபகத்துக்கு வரும். அதை எழுதியவனைக் கண்டவருமில்லை, வாசித்தவருமில்லை. ஆகவே கையெழுத்தைப் பற்றியே பேசுகிறேன்.

அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்தில் 1818-ல் ஓர் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவர் பிரெடரிக் டக்ளஸ். சிறு பையனாகப் பால்டிமோர் நகரத்துக்கு அனுப்பப்பட்டபோது எஜமானி எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். எஜமானன் தடுத்துவிட்டான். படித்தவன் அடிமையாயிருக்க லாயக்கற்றுப் போவான் என்பது அவன் சொன்ன காரணம். தோழர்களே! கல்வியின் பெருமையை நம் பண்டிதர்கள்கூட இவ்வளவு தெளிவாய்ச் சொன்னதில்லை! பையன் அன்றே அதைப் பிடித்துக்கொண்டான்.

கப்பல் கட்டுமிடத்தில் எந்த மரம் எந்தப் பக்கத்துக்கு என்று தெரிய, தச்சர்கள் மரத்தின்மேல் எழுத்துக் குறி போடுவார்கள். அதைப் பார்த்து நாலு எழுத்துக் கற்றார். பிறகு தெருப் பையன்களிடம் எழுத்தில் பந்தயம் கட்டி, அவர்கள் எழுதிக் காட்டியதையும் கற்றார். வேலியும் சுவரும் தெருத் தளமும் ஏடு, சுண்ணக்கட்டி எழுதுகோல்.

அடிமை வெளியூர் போக எஜமானன் கைச்சீட்டு வேண்டும். 1836-ல் தப்பியோடத் திட்டம் போட்டபோது, தமக்கும் கூட்டாளிகளுக்கும் அந்தச் சீட்டை டக்ளஸே எழுதினார். விஷயம் வெளியாகிப் பிடிபட்டார்கள். தம் சீட்டை நெருப்பில் போட்டார். கூட்டாளியின் சீட்டை ரொட்டியோடு தின்றுவிடச் சொன்னார். எஜமானன் எழுத்தின் மகிமை அவ்வளவுதான்! 1838-ல் தப்பினார்.

மேடையில் இவ்வளவு நன்றாய்ப் பேசுகிறவன் அடிமையாயிருந்திருப்பானா என்று சிலர் சந்தேகித்தார்கள். 1845-ல் எஜமானர்களின் பெயரையும் ஊரையும் போட்டுத் தம் சரித்திரத்தை வெளியிட்டார். தம்மைப் பிடித்துப்போக அதுவே அடையாளமாகும் என்று தெரிந்தேதான் எழுதினார்.

ஆனால் எனக்குப் பெரிதாய்ப் படுவது அதற்குப் பிந்தியது. 1847-ல் ராச்செஸ்டர் நகரில் “வட நட்சத்திரம்” என்ற வாரப் பத்திரிகையைத் துவக்கினார். அமெரிக்க அரசியல் சட்டமே அடிமைத்தனத்துக்கு ஆதரவானது, அதன்கீழ் வோட்டுப் போடுவதும் தகாது என்பது தலைவர் காரிசன் கொள்கை. டக்ளஸும் மேடைதோறும் அதையே பேசிவந்தவர். பத்திரிகை வந்ததும் மாற்றுக் கருத்துக்காரர்களுக்குப் பதில் எழுத வேண்டியதாயிற்று. மேடையில் கைதட்டல் காப்பாற்றிவிடும். காகிதத்தில் காரணமல்லவா வேண்டும்? சட்டத்தைப் படித்தார், யோசித்தார். 1851-ல் தம் அபிப்பிராயம் மாறிவிட்டது என்று பகிரங்கமாய்ச் சொன்னார். தலைவரின் சிநேகம் போயிற்று. பத்திரிகைப் பொறுப்பு இல்லாதிருந்தால் பழைய கொள்கையிலேயே இருந்திருக்கக் கூடும் என்று பிற்பாடு அவரே எழுதினார்.

எழுதுகிறவரெல்லாம் இப்படி ஆவார்கள் என்று நான் சொல்லவில்லை. அரசனைப் பாடிப் பரிசு வாங்கின புலவர்களும் எழுத்துப் பிரியர்களே. அவர்களுக்கு எதிரிக்குப் பதில் சொல்லும் வேலை இருக்கவில்லை.

வாலிபத் தோழர்களே! இங்கு நீங்கள் படிக்கும் பத்திரிகையில் எது தப்பென்று படுகிறதோ, அதைக் காரணத்தோடு ஒரு பக்கம் எழுதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள். நம் பத்திரிகையாயிருந்தாலும் சரியே. இங்கேயே வாசித்துப் பார்ப்போம்.