தனித்து நிற்கும் தாயும் நம் கடனும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வவையில் பேசுமாறு நம் காரியதரிசி அவர்கள் பணித்தபொழுது, இலக்கியப் பொருளொன்றை எடுத்துக்கொள்ளலாமென்றே முதலிற் கருதினேன். தமிழாசிரியனுக்கு அஃது எளிது, கேட்போர்க்கும் இனிது. ஆயினும், நம் தெருக்களிலேயே வாழ்ந்து, நம்மாற் காணப்பட்டும் காணப்படாதவராய் இருக்கும் சில தாய்மாரைப்பற்றிப் பேசுதலே பயன்தருமெனத் துணிந்தேன். கணவனை இழந்தோ, அவனாற் கைவிடப்பட்டோ, மணமே இன்றியோ, தான் ஒருத்தியாய் நின்று மக்களை வளர்க்கும் தாயையே குறிக்கின்றேன்.

தொல்காப்பியனார், மனைவியை இழந்தவன் நிலையைத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்தவள் நிலையைத் தாபத நிலை என்றும் காஞ்சித் திணையில் இரண்டையும் வைத்துக் கூறினார். இருவர்க்கும் நேர்ந்தது இழப்பே என்பது அவர் கருத்துப் போலும். பின்வந்த நாமோ ஆண்மகனது இழப்பைத் துயரமென்றோம். பெண்ணினது இழப்பை அமங்கலமென்றோம். மனைவியை இழந்தவன் மணப்பந்தலில் முன்வரிசையில் அமர்கின்றான். கணவனை இழந்தவள் தான் பெற்ற மகளின் திருமணத்திலேயே தூணின் மறைவில் நிற்கின்றாள். ஒரே துயருக்கு இருவேறு நீதி வகுத்தது எந்நூல்? நூலன்று, நம் வழக்கமே.

பழைய நூலொன்று கூறும் கதையைக் கேண்மின். சாந்தோக்கிய உபநிடதத்தில் சத்தியகாமன் என்னுஞ் சிறுவன் வருகின்றான். குருவினிடம் கல்விகற்கச் செல்ல விரும்பிய அவன், தன் கோத்திரம் யாதெனத் தாயாகிய சபாலையை வினவினான். தான் இளமையிற் பல இடங்களில் ஊழியஞ்செய்து திரிந்த காலத்தில் அவனைப் பெற்றமையால் கோத்திரம் அறியாளென்றும், தன் பெயரையே சேர்த்துச் சத்தியகாம சாபாலன் என்று சொல்லுமாறும் அவள் கூறினாள். சிறுவன் கௌதமரிடஞ் சென்று, தாய் சொன்னவாறே ஒளியாது உரைத்தான். அவர் அவனைத் துரத்தினாரல்லர். உண்மையினின்று வழுவாத அவனை அப்பொழுதே மாணாக்கனாக ஏற்றுக்கொண்டார். தாயின் பெயரே அவனுக்குப் போதுமானதாயிற்று.

அவ்வாசிரியர் செயலையும் இவ்வாசிரியன் செயலையும் ஒப்பிட்டுக் காட்டுதற்கே இக்கதையைக் கூறினேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், வீட்டுப்பாடம் எழுதாது வந்த மாணவன் ஒருவனை நோக்கி, “நாளை உன் தந்தையை அழைத்துவந்தாலன்றி வகுப்பிற்குள் வாராதே” என்று கடிந்தேன். நான்கு நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாள் மாலை அவன் இல்லம் தேடிச் சென்றேன். ஒற்றை அறை, நடுவே தையற்பொறி, அதன் முன் அவன் அன்னை. கணவன் பிரிந்துபோய் மூன்றாண்டு கழிந்திருந்தது. அவர் இரவு நெடுநேரம் தைக்க, பையன் பொத்தான் கட்டிக்கொடுத்தும், தங்கையை உறங்கச்செய்தும் வந்தான். வீட்டுப்பாடம் எழுதப்படாமைக்குக் காரணம் அதுவே.

“நீங்கள் ஏன் வரவில்லை அம்மா?” என்றேன். “நான் வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா என்று தெரியவில்லை ஐயா” என்றார். அவ்வொரு சொல் என்னைச் சுட்டதுபோல் எந்தப் பழிச்சொல்லும் சுட்டதில்லை. மறுநாள் பையனை நானே வகுப்பிற்கு அழைத்துச் சென்றேன். அன்றுமுதல் எந்த மாணவனிடமும் “தந்தையை அழைத்துவா” என்று நான் சொல்வதில்லை. “வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துவா” என்றே சொல்லுகின்றேன்.

நிற்க. அவ்வம்மையார் நம் சமூகத்தவரே. நம் சங்கத்தின் கல்வி நிதிக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என வினவினேன். பெட்டியிலிருந்து விண்ணப்பத்தாளை எடுத்துக் காட்டினார். எல்லா இடமும் நிரப்பப்பட்டிருந்தது. ‘தந்தையின் கையொப்பம்’ என்னும் ஓரிடம் மட்டும் வெறிதாயிருந்தது. அன்பர்களே! நாம் உதவ விரும்பாதவரல்லேம். ஆயினும், உதவி யார்க்கு மிகுதியும் வேண்டுமோ அவரையே வாயிலில் தடுக்கும் தாளை அச்சிட்டு வைத்துள்ளோம்.

நாட்டின் சட்டமோ நம்மினும் முன்சென்றுவிட்டது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம் தந்தையை முதலிலும் அவருக்குப் பின் தாயையும் இயற்கைக் காப்பாளராக வைத்தது. தந்தை உயிரோடிருப்பினும், பிள்ளையைப் பேணாதவிடத்துத் தாயே காப்பாளராகலாமென உச்சநீதிமன்றம் 1999-இல் அதற்குப் பொருள் கண்டது. மணமாகாத தாய், தந்தையின் பெயரை வெளியிடாமலே தன் பிள்ளைக்குக் காப்பாளராகலாமென 2015-இல் தீர்ப்பளித்தது. கடவுச்சீட்டு விண்ணப்பத்திற்குத் தாய் தந்தை இருவருள் ஒருவர் பெயர் போதுமென 2016-இல் மைய அரசு அறிவித்தது. கடல்கடந்து செல்லும் சீட்டிற்கே தாயின் பெயர் போதுமாயின், நம் சங்கம் கொடுக்கும் பாடப்புத்தகத்திற்குப் போதாதோ?

ஆகவே, என் வேண்டுகோள்கள் சில. முதலாவது, ‘தந்தையின் கையொப்பம்’ என்பதைத் ‘தாய் அல்லது தந்தையின் கையொப்பம்’ என மாற்றும் தீர்மானத்தை இக்கூட்டமே நிறைவேற்றுதல் வேண்டும். செலவு ஒரு காசுமில்லை.

இரண்டாவது, சொத்துப்பற்றியது. உயில் எழுதாது இறந்தவனது சொத்தில், அவன் தாய்க்கும் மக்களுக்கும் ஒப்ப மனைவிக்கும் பங்குண்டு என்றும், அவ்வாறு பெற்றதற்கு அவள் முழு உரிமையுடையாள் என்றும் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் கூறுகின்றது. ஆயினும், பதினாறாம் நாள் கழியுமுன்னே பங்காளிகள் விடுதலைப் பத்திரத்தை நீட்டுவதும், நம் பெரியோர் சிலர் ‘குடும்ப மானம்’ என்று கூறிக் கையொப்பமிடச் சொல்லுவதும் நாம் அறியாதனவல்ல. அத்தகைய பத்திரத்திற்குச் சாட்சிக் கையொப்பம் இடேம் என்று இங்குள்ள பெரியோர் உறுதிகொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, நம் இல்லத்து மங்கல நிகழ்ச்சிகளில் இத்தாய்மாரை முன்வரிசைக்கு அழைத்தல். பத்துத்திங்கள் சுமந்து பெற்ற கை மகளுக்கு அட்சதை தூவுதற்கு மட்டும் ஆகாத கையாமோ? அவர் மறுமணம் விரும்பின், 1856 முதல் அதற்குச் சட்டத்தின் இசைவு உண்டு, நாம் தடைநில்லாதிருப்போம். விரும்பாவிடின் வற்புறுத்தாதிருப்போம்.

இறுதியாக, உதவும் முறைபற்றி ஒரு சொல். இரக்கத்தை வாயாற் பொழிதல் உதவியன்று. மேடையேற்றிப் பெயர்கூவிப் புத்தகம் வழங்குதலும் உதவியன்று. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், எந்தக் கதவைத் தட்டலாம் என்று அவள் ஐயுறாதிருத்தல் வேண்டும். தாலுகா அலுவலகத்திற்கு அலையும் நாளில், பிள்ளை நம் வீட்டில் உண்ண வேண்டும். அவளைப்பற்றிப் பழிபேசுவான் ஒருவன் நம் திண்ணையில் அமர்ந்தால், அப்பேச்சு அங்கேயே முடிதல் வேண்டும். அன்பென்பது இதுவே.

‘நான் வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா’ என்னும் ஐயம் நம் சமூகத்தில் எத்தாய்க்கும் இனி எழாதிருக்க, இன்றே அத்தீர்மானத்தை நிறைவேற்றுமாறு வேண்டி அமைகின்றேன்.