ஒரு கட்டுரை போதுமா?



மருதமுனையிற் கைத்தறிப் புடைவை வாங்கச் செல்லும் தாய்மார் கரையின் பகட்டைக் கண்டவுடன் பணத்தை எடுத்து நீட்டிவிடுவதில்லை. துணியை வெளிச்சத்திற் பிடித்து இழையின் நெருக்கத்தைப் பார்ப்பர். இன்னொரு தறியில் நெய்ததையும் கேட்டு வாங்கி ஒப்பிடுவர். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய நம் கரையோர ஊர்களிலிருந்து மருத்துவமும் தாதியமும் பயிலச் செல்லும் மாணவர், ஆய்வுக் கட்டுரைகளை நாடும்போதும் இந்த நிதானம் வேண்டும்.

நம் நாட்டு உதாரணம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் அலரியின் விதை இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையது. அந்நஞ்சுடன் வைத்தியசாலைக்கு வருவோர்க்கு, நஞ்சைப் பற்றிக்கொள்ளும்படி பதப்படுத்திய கரித்தூளைக் கொடுப்பதுண்டு. அதனை ஒருமுறை கொடுத்தாற் போதுமா, திரும்பத் திரும்பக் கொடுக்கவேண்டுமா? இவ்வினாவுக்கு ஒரு மாணவர் விடை தேடுகிறார் என்று கொள்வோம்.

முதலாவது, தேடல். மருத்துவ ஏடுகளின் பேரட்டவணையாகிய பப்மெட் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆயின் பொருளின் பெயரை அறிந்தே தேடவேண்டும். இச்செடியை ஆங்கிலத்தில் யெலோ ஒலியாண்டர் என்பர். தாவரவியலாரோ தெவேதியா பெருவியானா என்றும், காஸ்கபேலா தெவேதியா என்றும் இரு பெயர்களால் வழங்குவர். ஒரு பெயரை மட்டும் இட்டுத் தேடினால், மற்றப் பெயரில் எழுதப்பட்டவை நழுவிவிடக்கூடும். ஆகவே மூன்று பெயர்களையும் 'அல்லது' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் இணைத்து, அவற்றோடு கரியின் பெயரையும் சேர்த்துத் தேடவேண்டும்.

இரண்டாவது, மதிப்பிடல். தேடியவருக்கு 2003ஆம் ஆண்டு லான்செற் ஏட்டில் வெளியான இலங்கை ஆய்வு ஒன்று கிடைக்கும். அலரி விதை உண்ட 401 நோயாளர் அதிற் சேர்க்கப்பட்டனர். அனைவர்க்கும் முதலில் ஒருமுறை கரி கொடுக்கப்பட்டது. பின்னர், குலுக்கல் முறையிற் பிரித்த இரு பிரிவினருள் ஒரு பிரிவினர்க்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாக மூன்று நாட்கள் கரியும், மற்றப் பிரிவினர்க்கு வெறும் நீரும் கொடுக்கப்பட்டன. நீர் பெற்றோரில் 8 வீதத்தினரும், கரி பெற்றோரில் 2.5 வீதத்தினரும் இறந்தனர். 'விடை கிடைத்தது' என்று மாணவர் ஏட்டை மூடிவிடக்கூடும்.

மூடாது மேலும் தேடினால், அதே லான்செற்றில் 2008ஆம் ஆண்டு வெளிவந்த வேறோர் இலங்கை ஆய்வு காணப்படும். அதிற் சேர்ந்தோர் 4,632 பேர். பலமுறை கரி பெற்றோரில் 6.3 வீதத்தினர் இறந்தனர். கரியே பெறாதோரில் 6.8 வீதத்தினர் இறந்தனர். இது குறிப்பிடத்தக்க வேறுபாடன்று. உட்கொண்ட நஞ்சின் வகைப்படி பிரித்துப் பார்த்தபோதும் பயன் தென்படவில்லை.

இரண்டும் நம் நாட்டில் முறையாக நிகழ்ந்த ஆய்வுகள். இரண்டும் பெயர்பெற்ற ஒரே ஏட்டில் வந்தவை. ஆதலால் ஏட்டின் பெருமை இங்கே தீர்ப்புச் சொல்லாது. மாணவரே வினவவேண்டும். நோயாளர் எத்தனை பேர்? முதலாய்வில் இறந்தோர் மொத்தம் 21 பேரே. அத்துணைச் சிறு தொகையிலே தற்செயலின் கை ஓங்கக்கூடும். இரண்டும் ஒரே வினாவைக் கேட்டனவா? முன்னையது அலரி நஞ்சை மட்டும் ஆராய்ந்தது. பின்னையது பூச்சிகொல்லி முதலிய நஞ்சுகளையும் சேர்த்துக்கொண்டது. கரி கொடுத்த இடைவேளையும் நாட்களும் ஒன்றா? அல்ல, பின்னையதில் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாக ஆறு தடவை மட்டுமே கொடுக்கப்பட்டது.

பேராய்வின் முடிவுக்கு எடை அதிகம் என்பது உண்மை. எனினும், இரண்டையும் எடுத்துக்காட்டி, வேறுபாட்டுக்கான காரணங்களையும் கூறுபவரே நேர்மையாகத் தேடியவர். தமக்குப் பிடித்த முடிவைச் சொல்லும் கட்டுரையை மட்டும் மேற்கோள் காட்டுபவர் தேடவில்லை, தெரிந்தெடுத்தார், அவ்வளவே.

ஆகவே மாணவர்களே, தேடிய நாளையும், இட்ட சொற்களையும், ஒரு கட்டுரையை விலக்கிய காரணத்தையும் குறிப்பேட்டிற் பதிந்து வையுங்கள். நாளை வைத்தியசாலை விடுதியில் உங்கள் கையிலிருந்து மருந்து பெறுபவர் அந்தக் கட்டுரைகளைப் படித்திருக்கமாட்டார். அவருக்காகவும் படிக்கவேண்டியவர் நீங்களே.