பிளாக்கர் தீராம ரிலீஸ் கிடையாது

இந்த வாரம் மரக்காணத்துல இருந்து பேசுறேன். காத்துச் சத்தம் கொஞ்சம் கேக்கும், பொறுத்துக்கங்க. ஒரு கணித லைப்ரரி வெளியாகுறதுக்கு முந்தின கடைசி வாரங்கள்ல என்ன நடக்குது? அதான் இன்னைக்கு விஷயம்.

முதல்ல ஒரு கணக்கு. ஒரு லட்சத்தை ஒரு லட்சத்தால பெருக்கினா ஆயிரம் கோடி. இதையே பழைய நம்பை 1.x பதிப்புல, விண்டோஸ் மெஷின்ல, ஒரு அரேல வச்சுப் பெருக்கினா 141,00,65,408ன்னு வரும். லினக்ஸ்ல சரியா வரும். எர்ரர் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. விண்டோஸ்ல நம்பை வழக்கமா எடுத்துக்கிட்ட முழு எண் 32 பிட். அதுல சுமார் 214 கோடி வரைக்கும்தான் அடங்கும். அதைத் தாண்டினா மேல இருக்கிற பிட்டெல்லாம் சத்தமில்லாம விழுந்துடும்.

இது மாறினது 2024 ஜூன் 16 அன்னைக்கு, நம்பை 2.0 வந்தப்போ. 1.0 வந்தது 2006ல. ஏன் இவ்வளவு வருஷம்? இந்த மாதிரி மாற்றங்களைச் செஞ்சா அதை நம்பி எழுதின மத்தவங்க கோடும் உடையும். சைபை, பாண்டாஸ் எல்லாம் நம்பை மேலதான் நிக்குது. 1.xக்கு கம்பைல் பண்ண பேக்கேஜ் 2.0ல இம்போர்ட்டே ஆகாமப் போகலாம். அதனால சில மாசம் முன்னாடியே ரிலீஸ் கேண்டிடேட் விட்டாங்க. 2.0ல கம்பைல் பண்ணது 1.xலயும் ஓடுற மாதிரி செஞ்சாங்க. மத்த பேக்கேஜ்கள் தயாராக அவகாசம் கிடைச்சது. 212 பேர் உழைப்பு அந்த வெளியீடு.

ஆனா திறந்து கிடக்கிற எல்லா இஷ்யூவும் பிளாக்கர் இல்ல. டாக்குமெண்டேஷன்ல எழுத்துப்பிழைக்காக யாரும் ரிலீஸை நிறுத்த மாட்டாங்க. போன பதிப்புல ஓடினது இதுல உடையுதா, பயன்படுத்துறவருக்குத் தெரியாமலே தப்பான விடை போகுதா? அப்படின்னா நிறுத்தணும்.

இங்க உப்பளத்துல இதே கணக்கு வேற மாதிரி ஓடுது. கடல்தண்ணி வெயில்ல வத்தும்போது முதல்ல சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும். போமே மீட்டர்ல சுமார் 25 டிகிரி வந்தாதான் உப்பு விளையுற பாத்திக்கு விடணும். முன்னாடியே விட்டா ஜிப்சம் கலக்கும். 30ஐத் தாண்டி விட்டு வச்சா மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும்.

தாமதத்துக்கும் விலை உண்டுங்கிறதுதான் நான் சொல்ல வர்றது. 2.0 வராத ஒவ்வொரு மாசமும் விண்டோஸ்ல உட்கார்ந்திருக்கிற ஒரு மாணவருக்கு அந்த 141 கோடிதான் விடை. எல்லாத்தையும் பிளாக்கர்னு குறிச்சா ரிலீஸே நடக்காது.

பிளாக்கர் வந்தா வழி மூணு. சரி பண்ணலாம். அது பிளாக்கரே இல்லன்னு முடிவு பண்ணி, ரிலீஸ் குறிப்புல எழுதிட்டு அடுத்த பதிப்புக்குத் தள்ளலாம். இல்லன்னா பிரச்சினையைக் கொண்டுவந்த மாற்றத்தையே திரும்ப எடுக்கலாம். மூணாவதுதான் கஷ்டம். அது யாரோ சம்பளம் வாங்காம, ராத்திரி கண்முழிச்சு எழுதினது. அவரோட முதல் பங்களிப்பாக்கூட இருக்கலாம். “உங்க கோடு வேண்டாம்”னு சொல்றதும், “இந்தப் பதிப்புல வேண்டாம், இந்த டெஸ்ட் பாஸானா அடுத்ததுல சேர்த்துக்கலாம்”னு சொல்றதும் ஒண்ணு இல்ல. முதல் பதிலைக் கேட்டவர் திரும்ப வராமலே போயிடலாம்.

நம்ம மாவட்டத்துலயே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புறப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லித் தர்றாங்க. அங்கிருந்து வர்றவங்களும் நீங்களும் தொடங்க ஒரு நல்ல இடம் இருக்கு. அடுத்த தடவை ரிலீஸ் கேண்டிடேட் வந்தா தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட்ல போட்டு உங்க ப்ராஜெக்டை ஓட்டிப் பாருங்க. தப்பு வந்தா பதிப்பு எண், ஆபரேட்டிங் சிஸ்டம், தப்பைக் காட்டுற மிகச்சின்ன கோடு, எதிர்பார்த்த விடை, வந்த விடை எல்லாத்தையும் எழுதி அனுப்புங்க. ரிலீஸுக்கு முந்தின நாள் வர்ற அஞ்சு வரி ரிப்போர்ட், வெளியான பிறகு வர்ற ஐம்பது புகாரைத் தடுக்கும்.

அடுத்த வாரம் பேசலாம்.