அயல்நாட்டுப் பெற்றோரும் நம் ஊர்க் குழந்தையும்



இத்தாலியிலோ ஸ்பெயினிலோ அமெரிக்காவிலோ வாழும் ஒரு தம்பதி, தமிழ்நாட்டுக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் வளரும் ஒரு குழந்தையைத் தங்கள் குழந்தையாகச் சுவீகரித்துக்கொள்வது என்று நிச்சயித்து விண்ணப்பம் எழுதிக்கொடுத்த நாளுக்கும், அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறுகின்ற நாளுக்கும் இடையே வருஷங்கள் கழிந்துவிடுகின்றன. அந்த வருஷங்களில் அவர்கள் படுகின்ற மனவேதனையைக் கேள்விப்படும் எவருக்கும், பெற்றோர் இல்லாத குழந்தை ஓரிடத்திலும் குழந்தைக்கு ஏங்கும் பெற்றோர் மற்றோரிடத்திலும் இருக்கும்போது, இருவரையும் சேர்த்துவைப்பதற்கு இத்தனை காகிதமும் முத்திரையும் எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழும். நியாயமான அந்தக் கேள்விக்கு விடையை டில்லியிலும் அயல்நாட்டுத் தலைநகரங்களிலும் தேடுவதற்கு முன்னால், நாம் வாழும் இந்தத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே தேடிப் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்கு ஆலைகளிலும், மாவட்டத்தின் பல பகுதிகளில் புகைந்துகொண்டிருக்கும் செங்கல் சூளைகளிலும் வேலை செய்கின்றவர்களில் பெரும் பகுதியினர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் மேற்கு வங்காளத்திலிருந்தும் வயிற்றுப் பிழைப்புக்காக வந்தவர்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். சென்னையிலிருந்து வடக்கே போகும் இருப்புப்பாதை நம் பொன்னேரியையும் கும்மிடிப்பூண்டியையும் தொட்டுக்கொண்டே ஆந்திரத்துக்கும் கல்கத்தாவுக்கும் நீள்கிறது. இப்படிப்பட்ட ஓர் ஊரின் ரயில் நிலையத்தில், மூன்று வயதுக் குழந்தை ஒன்று தமிழ் அல்லாத ஏதோ ஒரு மொழியில் அம்மாவைக் கூப்பிட்டு அழுதுகொண்டு நிற்குமானால், அது கைவிடப்பட்ட குழந்தையா, கூட்ட நெரிசலில் கைதவறிப்போன குழந்தையா, அல்லது யாரோ தூக்கிவந்த குழந்தையா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்லிவிட முடியாது. அந்த நேரத்தில் அதன் தாய் எங்கோ ஒரு நிலையத்தில் இறங்கி, மொழி தெரியாத காவலரிடம் கையைக் காலை அசைத்துத் தன் துயரத்தை விளக்கிக்கொண்டிருக்கவும் கூடும்.

ஆகையால்தான் நம் நாட்டின் இளைஞர் நீதிச் சட்டம், அப்படிக் கிடைத்த குழந்தையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவின் முன்னிலையில் கொண்டுவர வேண்டும் என்கிறது. குழந்தையின் படத்தைப் பத்திரிகைகளில் வெளியிட்டு உற்றாரைத் தேட வேண்டும். அது வேறு மாநிலத்துக் குழந்தை என்று தெரிந்தால் அந்த மாநிலத்தில், அந்த மக்களின் மொழியிலேயே விளம்பரம் செய்ய வேண்டும். அவ்வளவு பிரயத்தனத்துக்குப் பிறகும் உரியவர் வராவிட்டால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையானால் இரண்டு மாதத்துக்குள்ளும், அதற்கு மேற்பட்ட வயதானால் நான்கு மாதத்துக்குள்ளும், நலக்குழுவின் அங்கத்தினர்களில் குறைந்தது மூவர் ஒருமித்து, இக்குழந்தை சுவீகாரத்துக்கு உரியது என்று அறிவிக்க வேண்டும். வறுமையாலோ அவமானத்துக்கு அஞ்சியோ தன் சிசுவைத் தானே ஒப்படைத்துவிட்டுப் போகின்ற தாய்க்கும், மனம் மாறித் திரும்பி வருவதற்கு இரண்டு மாத அவகாசத்தைச் சட்டம் கொடுத்திருக்கிறது. கடலுக்கு அப்பால் காத்திருக்கும் தம்பதியின் நாட்களில் ஒரு பகுதி, முகம் தெரியாத இந்தத் தாய்க்காக ஒதுக்கப்பட்ட நாட்கள் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, அந்தக் காலதாமதத்தின் மீது நமக்கு ஒரு மரியாதையே பிறக்கிறது.

இந்த ஜாக்கிரதை அநாவசியமானது என்று யாரேனும் நினைப்பார்களானால், நமக்கு அடுத்த வடசென்னையில் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். 1990களின் பிற்பகுதியில் அங்கே ஏழை உழைப்பாளிகளின் குடியிருப்புகளிலிருந்து களவாடப்பட்ட சில குழந்தைகள், பெற்ற தாயே மனமுவந்து ஒப்படைத்ததாகப் புனையப்பட்ட பத்திரங்களோடு அயல்நாடுகளுக்குச் சுவீகாரமாக அனுப்பப்பட்டார்கள் என்ற விஷயம் 2005ஆம் ஆண்டில் அம்பலமாயிற்று. ஒரு குழந்தை நெதர்லாந்திலும் இன்னொரு குழந்தை ஆஸ்திரேலியாவிலும் வளர்ந்துவருவதாகப் புலனாய்வில் தெரியவந்தது. வருஷக்கணக்காகக் காத்திருந்து, சட்டப்படியே பெற்றதாக நம்பி அக்குழந்தைகளை மார்போடு அணைத்து வளர்த்த குடும்பங்களும், தெருத்தெருவாகத் தேடி அலைந்த பெற்றோரும், இரண்டு வீடுகளுக்கு இடையே தங்கள் பிறப்பைத் தேட வேண்டியவர்களாகிவிட்ட அந்தக் குழந்தைகளும் ஆகிய மூன்று தரப்பினருமே, யாரோ சிலருடைய பேராசைக்குப் பலியானவர்கள். இலங்கைத் தீவிலிருந்தும் 1980களில் ஆயிரக்கணக்கான சிசுக்கள் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றதையும், அவர்களில் பலருடைய பிறப்புப் பத்திரங்கள் பொய்யானவை என்பது பிற்காலத்தில் தெரியவந்ததையும் இங்கே சேர்த்து நினைக்கலாம்.

நம் தேசத்தில் இந்தப் பாதுகாப்புகள் ஒரே நாளில் உண்டானவை அல்ல. ஒரு காலத்தில் அயல்நாட்டவர்கள் 1890ஆம் வருஷத்துக் கார்டியன் சட்டத்தின்கீழ்க் குழந்தைக்குப் பாதுகாவலர்களாக மட்டும் நியமனம் பெற்று, அதைத் தங்கள் நாட்டுக்கு அழைத்துச் சென்று, அங்கேதான் சுவீகாரம் செய்துகொள்ள முடிந்தது. அந்த ஏற்பாட்டில் குழந்தைகள் வியாபாரப் பொருளாவதைக் கண்டு மனம் பொறாத லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதத்தையே மனுவாக ஏற்று விசாரித்த நீதிபதி பி. என். பகவதி, 1984 பிப்ரவரி மாதத்தில் அளித்த தீர்ப்பில், குழந்தைக்கு முதலில் சொந்த நாட்டிலேயே ஒரு குடும்பம் தேட வேண்டும் என்றும், அது கிட்டாதபோதே அயல்நாட்டுச் சுவீகாரத்தை நாட வேண்டும் என்றும் வழிவகுத்தார். அதன் பயனாக 1990இல் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் தோன்றிற்று. நாடுகளுக்கு இடையிலான சுவீகாரம் பற்றிய 1993ஆம் வருஷத்து ஹேக் உடன்படிக்கையை 2003இல் இந்தியா ஏற்றுக்கொண்டது. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொதுவான ஒரு சுவீகார முறையை வகுத்தது. முன்பு நீதிமன்றங்கள் பிறப்பித்துவந்த தத்தெடுப்பு உத்தரவை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். ஆக, திருவள்ளூரில் ஆட்சியர் அலுவலகத்து மேஜை ஒன்றின் மீது இருக்கும் கோப்புக்காக மிலான் நகரத்து வீடு ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதும் இன்று நடக்கக்கூடிய காரியமே.

இனி அந்த வீட்டின் அனுபவத்துக்கு வருவோம். முதலில் அவர்கள் நாட்டின் சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, வருமானம், தேக ஆரோக்கியம், தாம்பத்திய வாழ்வு, அவர்கள் தத்தம் பெற்றோரிடம் வளர்ந்த விதம் ஆகியவற்றையெல்லாம் விசாரித்துக் குடும்ப ஆய்வு அறிக்கை எழுதுகிறார். தாமே பிள்ளை பெறுகிறவர்களை யாரும் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் இவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அறிக்கை கடல் கடந்து டில்லிக்கு வந்த பிறகு, வரிசையில் அவர்களுடைய முறை வருகிறவரையில் ஒரு செய்தியும் இல்லாத மாதங்கள் செல்கின்றன. திடீரென்று ஒரு நாள் ஒரு குழந்தையின் படமும், அதன் குணநலன்களைச் சொல்லும் அறிக்கையும், மருத்துவப் பரிசோதனைக் குறிப்பும் வந்து சேருகின்றன. அதுவரை ஒரு விருப்பமாக இருந்தது அந்தக் கணத்தில் ஒரு முகத்தைப் பெற்றுவிடுகிறது. அதன் பிறகுதான் காத்திருப்பது உண்மையிலேயே கடினமாகிறது. இரு நாட்டு அதிகாரிகளின் இசைவு, ஆணையத்தின் தடையில்லாச் சான்று, ஆட்சியரின் உத்தரவு, பாஸ்போர்ட், விசா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டியவை வந்துசேர்வதற்குள், படத்தில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை நடக்கத் தொடங்கிவிடுகிறது. முதல் பல்லையும் முதல் சொல்லையும் வேறொருவர் கண்டு மகிழ, தாங்கள் தூரத்திலிருந்து கேட்டு மகிழ வேண்டியிருக்கிறதே என்பதுதான் அத்தகைய பெற்றோரின் தீராத குறை.

இங்கே நாம் ஒரு பேதத்தைத் தெளிவாகக் காண வேண்டும். தாயைத் தேடுவதற்காக, பத்திரங்களின் உண்மையைச் சோதிப்பதற்காக, பெற்றோராக வருகிறவர்களின் தகுதியை அறிவதற்காகச் செலவாகும் காலம் குழந்தைக்குச் சொந்தமான காலம். அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்கும்படி கேட்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் அனுப்ப வேண்டிய கடிதத்தை அனுப்பாமையாலும், கூட வேண்டிய குழு கூடாமையாலும், ஒப்பமிட வேண்டிய கை சோம்பியிருப்பதாலும் கழிகின்ற காலம் குழந்தையிடமிருந்து பறிக்கப்பட்ட காலம். பொன்னேரிப் பக்கத்து உழவர்கள் நன்கு அறிவார்கள்: வேர் பிடிக்கும் முன் நாற்றைப் பிடுங்குவதும் கேடு, வயது முற்றும்படி நாற்றங்காலிலேயே விட்டுவிடுவதும் கேடு. 2022இல் பாராளுமன்றக் குழு ஒன்று சமர்ப்பித்த அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டின் முடிவில் 27,939 விண்ணப்பதாரர்கள் குழந்தைக்காகப் பதிவு செய்துகொண்டு காத்திருந்தார்கள். இல்லங்களில் ஆதரவற்றவர்களாகக் கருதப்பட்ட குழந்தைகள் 6,996 பேர் இருந்தும், சுவீகாரத்துக்கு உரியவர்கள் என்று அறிவிக்கப்பட்டவர்கள் 2,430 பேர் மட்டுமே. எஞ்சிய நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளில் எத்தனை பேருக்கு உறவினர் உண்டு, எத்தனை பேர் கவனிப்பாரற்றுக் கோப்புகளுக்குள் உறங்குகிறார்கள் என்பதை ஒவ்வொரு மாவட்டமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றொன்றையும் நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் தேசத்தில் காத்திருக்கும் தம்பதிகளில் மிகப் பலர் விரும்புவது நோய் நொடி இல்லாத கைக்குழந்தையை. இரண்டு மாதம் தேடியும் இந்தியக் குடும்பம் கிட்டாத குழந்தைகளே அயல்நாட்டுச் சுவீகாரத்துக்கு உரியவர்களாகிறார்கள். அவ்வாறு அனுப்பும்போதும், உடலிலோ மனத்திலோ ஊனமுற்ற குழந்தைகளுக்கும், ஒன்றாகவே போக வேண்டிய உடன்பிறந்தவர்களுக்கும், ஐந்து வயதைக் கடந்தவர்களுக்கும் முன்னுரிமை தரலாம் என்று சட்டமே கூறுகிறது. 2022–23ஆம் ஆண்டில் உள்நாட்டில் 3,010 குழந்தைகளும் அயல்நாடுகளில் 431 குழந்தைகளும் தத்தெடுக்கப்பட்டார்கள். இருதயத்தில் துளையோடு பிறந்த குழந்தையை, கேட்கும் திறன் குன்றிய குழந்தையை, விவரம் தெரிந்த ஏழு வயதுச் சிறுமியைத் தம் மகவாக ஏற்பதற்காக, பாஷையும் நிறமும் வேறுபட்ட ஒருவர் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வருஷக்கணக்காகக் காத்திருக்கிறார். அவருடைய அன்பைப் போற்றுகின்ற நாம், அக்குழந்தைக்கு ஏன் அருகிலேயே ஒரு வீடு கிடைக்கவில்லை என்பதையும் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். பெற்றோர் வளர்க்க இயலாத சிசுக்களை ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் சேலத்தில் தொடங்கி நாட்டுக்கே முன்மாதிரியாக விளங்கிய தமிழகம், தொட்டிலைத் தாண்டி வளர்ந்துவிட்ட குழந்தைகளிடமும் அதே கருணையைக் காட்ட வேண்டாமா?

நேயர்களே, இதில் நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது உண்டு. ஆதரவற்று நிற்கும் ஒரு குழந்தையைக் கண்டால், இரக்கத்தின் பெயரால் அதை நீங்களே வீட்டுக்கு அழைத்துச் செல்லாமலும், பிள்ளை இல்லாத உறவினர் கையில் கொடுக்காமலும், 1098 என்ற எண்ணைத் தொலைபேசியில் அழையுங்கள். அந்த ஓர் அழைப்புத்தான், அதன் தாயையோ அல்லது உரிய காலத்தில் ஒரு புதிய குடும்பத்தையோ அதற்குத் தேடித்தரும் முதற்படி. மருத்துவமனை வாசலில் பணம் வாங்கிக்கொண்டு குழந்தை தருவதாக எவரேனும் சொன்னால், அது ஐந்து வருஷம் வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம் என்பதை மறவாமல் காவல்துறைக்குத் தெரிவியுங்கள். சுவீகாரம் செய்துகொள்ள எண்ணியிருக்கும் தம்பதிகள், திருவள்ளூரில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகி முறையாகப் பதிவு செய்துகொள்வதோடு, சற்று வயதான குழந்தையையும் குறையுள்ள குழந்தையையும் ஏற்க முடியுமா என்று தங்கள் உள்ளத்தையும் ஒருமுறை கேட்டுப்பாருங்கள். பெரியவர்களாகிய நமக்கு ஒரு வருஷம் என்பது ஆயுளில் ஒரு சிறு பகுதி. இரண்டு வயதுக் குழந்தைக்கோ அது பாதி ஆயுள். பொறுமை வேண்டிய இடத்தில் பொறுமையும், விரைவு வேண்டிய இடத்தில் விரைவும் காட்டுகிற சமூகத்தில்தான் அந்தப் பாதி ஆயுள் வீணாகாது.