முகக்களையும் இதழ்நலமும்

திருமணத்திற்கு நாட்குறித்தாகிவிட்ட வீட்டிலே, நகையும் கூறையும் வருமுன் வந்து சேர்வது அறிவுரை. மஞ்சள் அரைத்துப் பூசவேண்டும் என்பார் ஒருவர். தேசிக்காயைப் பிழிந்து முகத்தில் தேய்க்கவேண்டும் என்பார் மற்றொருவர். அயலிலிருந்து வரும் உறவினர் ஒருவர் கைப்பையினின்றும் சிறு சிமிழ் ஒன்றை எடுத்து, “பிள்ளை, இதை இரவிலே பூசிக்கொண்டு படு, இரண்டு கிழமையில் நிறம் வந்துவிடும்” என்பார். சிமிழில் பெயர்ச்சீட்டு இராது. இருந்தாலும், அவ்வீட்டில் எவரும் வாசித்தறியாத மொழியில் இருக்கும். தாய் அதனை மகிழ்ச்சியோடு வாங்கி வைத்துக்கொள்வாள். மகள் பொலிவுடன் மணவறையில் அமரவேண்டும் என்று அவள் விரும்புவதில் தவறேதுமில்லை. ஆயினும், அச்சிமிழினுள் இருப்பது யாது என்னும் கேள்வியை அவ்வீட்டில் எவரும் கேட்பதில்லை. அதற்கு விடை காணுமுன், அது பூசப்படவிருக்கும் தோலின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வது நன்று.

தோலை உடலின் போர்வை என்று மட்டும் எண்ணுதல் கூடாது. அஃது ஓர் உறுப்பு. வளர்ந்த ஒருவரின் தோலை விரித்து அளந்தால் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சதுர மீற்றர் வரை இருக்கும். அதன் மேற்புறத்தே உள்ளது, உயிர் நீங்கி உலர்ந்த கலங்களாலான மிக மெல்லிய படை. அக்கலங்களைக் கற்கள் என்று கொண்டால், அவற்றின் இடையே நெய்ப்பற்றுள்ள பொருள் சாந்துபோல நின்று பிணிக்கிறது. உள்ளேயுள்ள நீர் வெளியேறிவிடாமலும், வெளியிலுள்ள நச்சும் கிருமியும் உட்புகாமலும் காப்பது இச்சுவரே. கீழிருந்து புதிய கலங்கள் பிறந்து மேலேறி வந்து உதிர்வதற்கு ஏறக்குறைய நான்கு கிழமை செல்லும். ஆதலின், மூன்று நாளில் முகத்தை மாற்றிவிடுவதாகச் சொல்லும் எப்பூச்சும் தோலின் இயற்கையோடு பொருந்தாத வாக்குறுதியையே தருகிறது.

முகத்திலே ‘களை’ என்று பெரியோர் சொல்வது இச்சுவரின் நலத்தையே பெரிதும் சார்ந்தது. கலங்கள் ஈரப்பற்றோடு சீராகப் படிந்திருக்கும்போது ஒளி அவற்றின்மேல் விழுந்து ஒழுங்காகத் திரும்புகிறது, முகம் மினுங்குகிறது. அவை உலர்ந்து செதிலாக எழும்பியிருக்கும்போது ஒளி சிதறுகிறது. முகம் மங்கித் தோன்றுகிறது. கரிய மேனியும் மாநிற மேனியும் வெளிர்மேனியும் இவ்விதிக்கு ஒன்றுபோலவே உட்பட்டவை. எந்த நிறத்திலும் களை உண்டு. எந்த நிறத்திலும் அது கெடுவதுண்டு.

நாள்தோறும் செய்யத்தக்கவற்றுள் முதலாவது கழுவுதல். இதிலும் அளவு வேண்டும். தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சிறிது அமிலத்தன்மை உடையது. சாதாரண சவர்க்காரமோ காரத்தன்மை உடையது. ஒரு நாளிற் பலமுறை சவர்க்காரமிட்டு முகத்தைத் தேய்ப்பவர், அழுக்கோடு சேர்த்துச் சுவரின் சாந்தையும் கரைத்துவிடுகின்றார். யாழ்ப்பாணக் குடாநாட்டினருக்கு இதில் இன்னுமொரு தொல்லை உண்டு. அங்கே நிலத்தின்கீழ் உள்ளது சுண்ணாம்புக் கல். கிணற்று நீர் வன்னீர். வன்னீரிற் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் தேய்க்கும்போது, நீரிலுள்ள சுண்ணத்தோடு சவர்க்காரம் கூடிக் கரையாத படிவாகித் தோலில் ஒட்டிக்கொள்கிறது. குளித்து முடித்தபின் தோல் இழுப்பதும் அரிப்பதும் பெரும்பாலும் இதனாலேயே. முகத்திற்குக் காலையும் மாலையும் ஒருமுறை கழுவுதல் போதும். மென்மையான சவர்க்காரத்தைச் சிறிதளவே பாவித்து, நன்றாக அலம்பிவிட வேண்டும். பயற்றம்மாவைக் கொண்டு மெல்லெனத் தேய்த்துக் கழுவும் பழைய வழக்கமும் பலருக்கு ஒத்துவரும். கழுவியபின் துவாயால் உரசாமல், ஒற்றி ஈரத்தை எடுப்பதே முறை.

இரண்டாவது, ஈரத்தைக் காத்தல். குளித்து முடித்த சில நிமிடங்களுக்குள், தோலில் ஈரம் சற்றே எஞ்சியிருக்கும்போது எண்ணெயோ பசையோ பூசினால், அந்த ஈரம் உள்ளேயே தங்கும். முற்றும் உலர்ந்த தோலில் எவ்வளவு பூசினும் அப்பயன் கிடையாது. கையிலும் காலிலும் தேங்காயெண்ணெய் இதற்கு நன்கு உதவும். முகப்பரு உள்ளவர்கள் மட்டும் முகத்தில் அதனைத் தவிர்ப்பது நல்லது. தேன்மெழுகையும் ஒலிவ் எண்ணெயையும் நீரோடு குழைத்துப் பூசும் முறை, உரோம நாட்டில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கலென் என்னும் மருத்துவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. வசிலின் என வழங்கும் களிம்புக்கு அமெரிக்காவில் செஸ்பரோ என்பவர் 1872ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இன்று பெருவிலை கொடுத்து வாங்கும் கிறீம்கள் பலவற்றின் வேலையும் இவற்றின் வேலையே: நீர் வெளியேறாமல் தடுத்தல். மணமும் சிமிழின் அழகும் விலையைக் கூட்டுகின்றன; தோல் அவற்றை அறியாது.

மூன்றாவது, வெய்யிலினின்று காத்தல். இலங்கை பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 6 பாகை முதல் 10 பாகை வரை கிடப்பது. ஆண்டு முழுவதும் இங்கே ஞாயிற்றின் புறவூதாக் கதிர்கள் கடுமையாகவே விழுகின்றன. தோலின் கருநிறப் பொருளாகிய மெலனின் இக்கதிர்களைத் தடுக்கும் இயற்கைக் குடையாகும். கரிய மேனியர் இதனால் ஓரளவு காப்புப் பெற்றவர்கள். எனினும் கன்னத்திற் படரும் மங்கு, வெய்யிலால் மேலும் கறுப்பது எல்லாருக்கும் பொது. முற்பகல் பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை வெளியே செல்வோர் குடையையோ அகன்ற தொப்பியையோ மறத்தலாகாது. வயலிலும் தேயிலை மலையிலும் வேலை செய்யும் பெண்கள் தலையிலிருந்து முகத்தோரம் வரை சீலையை இழுத்து மூடிக்கொள்ளும் வழக்கம் மருத்துவ அறிவுக்கு முற்றும் இசைந்ததே. வெய்யிற்காப்புக் கிறீம் பாவிப்போர் அதில் 30 அல்லது அதற்கு மேற்பட்ட காப்பெண் குறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கித் தாராளமாகப் பூசவேண்டும். பொட்டுப்பொட்டாகத் தொட்டு வைப்பதால் அவ்வெண் சொல்லும் காப்புக் கிடையாது.

இவ்விடத்தில் தேசிக்காயைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. அதன் சாற்றில் ஒளியோடு கூடித் தோலைச் சுடும் பொருள் ஒன்று உண்டு. சாற்றைப் பூசிக்கொண்டு வெய்யிலில் இறங்கினால் கொப்புளம் எழலாம். அது ஆறியபின் பல கிழமைகளுக்கு, சிலருக்குப் பல மாதங்களுக்கு, கரிய தழும்பு நிற்கும். நிறத்தை வெளிறச் செய்ய எண்ணிப் பூசியது கறுப்பைத் தந்துவிடும். தேசிக்காய் உணவுக்கு உரியது, முகத்திற்கு உரியதன்று.

இனி, இதழ். முகத்தின் மற்றப் பகுதிகளைப் போல இதழுக்குத் தடித்த மேற்படை இல்லை. எண்ணெய்ச் சுரப்பிகளும் பெரும்பாலும் இல்லை. மெல்லிய அப்படையினூடே குருதியின் செம்மை தெரிவதாலேயே அது சிவந்து தோன்றுகிறது. தன்னைத் தானே நெய்ப்பிக்க இயலாத இவ்வுறுப்பு, குடாநாட்டிற் சோளகம் வீசும் மாதங்களிலும் மட்டக்களப்பிற் கச்சான் வீசும்போதும் நுவரெலியாவின் குளிரிலும் முதலில் வெடிக்கிறது. வெடித்தவுடன் மனிதர் செய்வது நாவால் நனைத்தல். அதுவே பெரும்பிழை. உமிழ்நீர் விரைவில் உலர்ந்து, உலரும்போது இதழின் ஈரத்தையும் கொண்டு செல்கிறது. உணவைச் செரிப்பிக்க அமைந்த அதன் பொருள்கள் மெல்லிய தோலையும் உறுத்துகின்றன. சிறுவர் சிலருக்கு வாயைச் சுற்றி வளையமாகப் புண் தோன்றுவது இப்பழக்கத்தாலேயே.

இதற்கு மருந்து எளிது. இரவு படுக்குமுன்னும் காற்றில் வெளியே செல்லுமுன்னும் சிறிது வசிலினோ, நெய்யோ, தேன்மெழுகு கலந்த களிம்போ தடவினால் போதும். உரிந்து நிற்கும் தோலைப் பல்லாலோ நகத்தாலோ பிய்க்காமல், களிம்பு தடவி அது தானே விழும்வரை விடவேண்டும். கற்பூரமும் புதினா உப்பும் கலந்த களிம்புகள் குளிர்ச்சியாகத் தோன்றினும், வெடித்த இதழை மேலும் உறுத்தக்கூடியவை. எவ்வளவு பேணியும் வெடிப்பு மாறாவிட்டால், பற்பசையிலுள்ள கறுவா முதலிய மணப்பொருள் ஒவ்வாமை தருகிறதா என்று பார்த்தல் வேண்டும்.

இதழ் உடலின் நிலையையும் எடுத்துச் சொல்லும். கடைவாயிலே அடிக்கடி புண் தோன்றினால் றைபோபிளேவின் என்னும் விற்றமினோ இரும்புச் சத்தோ குறைந்திருத்தல் கூடும், கிருமியும் காரணமாகலாம். பாலும் முட்டையும் கீரையும் உண்ணும் வீட்டில் இத்தொல்லை குறைவு. இதழ் வெளிறியிருந்தால் இரத்தக் குறைவா என்று மருத்துவர் பார்க்கவேண்டும். வெற்றிலை பாக்கு மெல்லுவோர் இதழ் சிவப்பதை அழகென்று கருதலாம். ஆனால், புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைப்பதே என்பது இன்று ஐயமின்றி நிறுவப்பட்ட உண்மை. இதழிலோ வாயினுள்ளோ ஒரு புண் இரண்டு மூன்று கிழமைக்குமேல் ஆறாது நின்றால், நோவு இல்லையென்று வாளாவிருத்தல் ஆகாது.

உதட்டுச் சாயம் பூசுவோர் அதனை வெறுக்கவேண்டியதில்லை. மெழுகும் ஆமணக்கெண்ணெயும் நிறப்பொருளும் சேர்ந்ததே அது. ஆனால் பூசியதிற் சிறிது வயிற்றினுள்ளும் செல்லும் என்பதை மறத்தலாகாது. உதட்டுச் சாயத்தில் ஈயம் பத்து இலட்சத்திற் பத்துப் பங்குக்கு மேற்படலாகாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2016ஆம் ஆண்டில் வரம்பொன்றைப் பரிந்துரைத்தது. செய்தவர் பெயரும் இடமும் குறிக்கப்படாத சாயத்தை அத்தகைய வரம்பு எதுவும் கட்டுப்படுத்துவதில்லை. நம்பிக்கையான கடையில் வாங்குதல், பிறரோடு பகிராதிருத்தல், உறங்குமுன் துடைத்துக் களிம்பு தடவுதல் ஆகிய மூன்றும் போதும்.

இப்போது அந்தப் பெயரற்ற சிமிழைத் திறக்கலாம். விரைவில் நிறம் தரும் என்று விற்கப்படும் கிறீம்கள் பலவற்றில் இரசத்தின் உப்புக்கள் கலந்திருப்பது பல நாடுகளிலும் கண்டறியப்பட்டுள்ளது. தோல் தன் கருநிறப் பொருளை ஆக்குவதை இரசம் தடுக்கிறது. நிறம் வெளிறுவதுபோலத் தோன்றுவது அதனாலேயே. இயற்கைக் குடையைப் பிடுங்கியெறிந்துவிட்டு வெளிச்சம் வந்தது என்று மகிழ்வதை இது ஒக்கும். தோலினூடே உட்சென்ற இரசம் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. முகமும் காலும் வீங்குதல், சிறுநீர் நுரைத்துப் போதல் ஆகியன அதன் அறிகுறிகள். கைந்நடுக்கம், உறக்கமின்மை, மறதி என்பனவும் தோன்றலாம். பூசியவரோடு தீங்கு நின்றுவிடுவதில்லை. அவர் துவாயிலும் தலையணையிலும் இரசம் படிகிறது. அவரைக் கட்டியணைக்கும் குழந்தையையும் அது சென்றடைகிறது.

இத்தீங்கை உணர்ந்தே, 2013ஆம் ஆண்டில் யப்பானிற் கைச்சாத்திடப்பட்டு 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மினமாற்றா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இரசமுள்ள அழகுப் பொருள்களைச் செய்வதையும் நாட்டுக்கு நாடு அனுப்புவதையும் 2020ஆம் ஆண்டோடு நிறுத்துமாறு விதித்தது. 2023ஆம் ஆண்டில் உறுப்பு நாடுகள் கூடி, அந்த ஒரு பங்குச் சலுகையும் வேண்டாமென்று முடிவு செய்து, இரசம் சேர்த்த எல்லா அழகுப் பொருள்களையும் 2025ஆம் ஆண்டோடு ஒழிக்க உடன்பட்டன. இலங்கையும் இவ்வுடன்படிக்கையைச் சேர்ந்த நாடே. எனினும் பயணப் பெட்டியிலும் கைப்பையிலும் வரும் சிமிழை எந்த உடன்படிக்கையும் முற்றாக மறிக்க முடியாது. அதனை மறிக்கவேண்டியவர்கள் வீட்டிலுள்ளோர்.

அடையாளங்கள் சில உள. உள்ளடக்கம் எழுதப்படாதிருத்தல் ஒன்று. பொன், வெள்ளி, அலுமினிய நகைகளில் படவிடாதீர் என்ற எச்சரிக்கை மற்றொன்று. இரசம் அவ்வுலோகங்களோடு சேர்ந்துவிடும் என்பதாலேயே அவ்வாறு எழுதுகின்றனர். இன்னும் சில சிமிழ்களில் வீரியமிக்க ஸ்ரெரோயிட்டு மருந்து மறைந்திருக்கும். அது முதலில் முகத்தைத் துலக்கிக் காட்டி, நாளடைவில் தோலை மெலிவித்து, சிவப்பும் பருவும் உரோமமும் தோன்றச் செய்யும். நிறுத்தியவுடன் முகம் எரியும். இத்தகைய பூச்சைப் பாவித்து வருவோர் அதனை மறைத்து வைக்காமல், சிமிழையும் கையிலெடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்வதே தக்கது. ஏமாற்றியவனுக்கே வெட்கம், ஏமாந்தவர்க்கு வெட்கமில்லை.

அந்தத் திருமண வீட்டில் தாய் செய்யத்தக்கது அரிதான காரியமன்று. சிமிழைக் கொடுத்த உறவினரை நோகச் செய்யாமல் நன்றி கூறி, அதனைத் திறவாமலே அப்புறப்படுத்தலாம். மகள் இரவில் நேரத்தோடு உறங்கவும், கீரையும் பழமும் உண்ணவும், குளித்தவுடன் எண்ணெய் தடவவும், குடையோடு வெளியே செல்லவும் பார்த்துக்கொள்ளலாம். நான்கு கிழமைக்குள் புதிய தோல் தானே மேலெழுந்து வரும். மணவறையிலே அமரும்போது அவள் முகத்தில், பிறந்த அன்றே அவளுக்கு வாய்த்த அதே நிறம், குறைவின்றி மினுங்கும். அவள் மடியிலே நாளை தவழவிருக்கும் குழந்தைக்கும் அம்முகத்தைத் தொடுவதில் அச்சமொன்றும் இராது.